அண்டர்கட் யாருக்கு, குடல் யாருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஸ்டேக்கும் பூரணம் வைத்த பாஸ்தாவும் சமைத்தோம். வாசிப்பு வட்டத்துத் தோழர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்து வாங்கிய அண்டர்கட் ஒன்றரைக் கிலோ. மைதாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையில் கண்ணாடி மாதிரி தேய்த்து, கொத்துக்கறியும் வெங்காயமும் வதக்கிய பூரணத்தை உள்ளே வைத்து மடித்தோம். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு ரவியோலி ஒன்றும் கஷ்டமில்லை. இரும்புத் தோசைக்கல்லைப் புகைய விட்டு, கறியை இரண்டு பக்கமும் சுட்டெடுத்து, கடைசியில் வெண்ணெயும் பூண்டும் போட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டான். "அக்கா, பாபாசாகேப் மாட்டுக்கறியை விடச் சொன்னவர்தானே? நாம வெண்ணெய் ஊத்திச் சாப்பிட்டு போட்டோ போடுறோம். இது விடுதலையா, இல்ல வெறும் வசதியா?"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் துண்டிலிருந்தே தொடங்கலாம். மாட்டின் உடலில் எந்தத் தசை அதிகம் வேலை செய்கிறதோ அது கெட்டியாக இருக்கும். கால், கழுத்து, தோள் எல்லாம் மணிக்கணக்கில் வேக வேண்டியவை. முதுகெலும்புக்கு அடியில், இடுப்பை ஒட்டிப் படுத்திருக்கும் அண்டர்கட் கிட்டத்தட்ட வேலையே செய்யாத தசை. அதனால்தான் ஐந்து நிமிடத்தில் வெந்து வெண்ணெயாகக் கரைகிறது. முழு மாட்டில் இது சில கிலோதான் தேறும். ஆகவே ஸ்டேக் என்பதை ஒரு சமையல் முறை என்று மட்டும் சொல்ல முடியாது. மாட்டை அறுத்ததும் முதல் கை யாருடையது என்பதற்கான விடையும் அதில் இருக்கிறது.

நாம் அன்று சமைத்த இரண்டும் இத்தாலியில் பிரபலமானவை. இத்தாலியச் சமையல் என்று உலகம் இன்று கொண்டாடுவதைப் புத்தகமாகத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் பெல்லெக்ரினோ அர்துசி. 1891இல் பிளாரன்ஸ் நகரில் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். பிளாரன்ஸ் பாணி ஸ்டேக்குக்கு அதில் குறிப்பு உண்டு. 'பிஸ்தெக்கா' என்ற சொல் ஆங்கிலத்து 'பீஃப்ஸ்டேக்'கிலிருந்து வந்தது என்று அவரே எழுதுகிறார். பூரணம் வைத்த தொர்தெல்லினிக்கும் செய்முறை உண்டு. அவர் எழுதியது பட்டணத்து நடுத்தர வர்க்க வீட்டுக்கு, சமையல்காரி வைத்துக்கொள்ள முடிந்த வீட்டுக்கு.

அதே ஆண்டுகளில் அந்த மாட்டை வளர்த்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? 1877இல் இத்தாலிய நாடாளுமன்றம் விவசாயிகளின் நிலை பற்றி யாசினி தலைமையில் விசாரணைக்கு உத்தரவிட்டது. வடக்கு இத்தாலியின் கிராமங்களில் மூன்று வேளையும் மக்காச்சோளக் களிதான். களியை மட்டுமே தின்றதால் நியாசின் என்ற சத்து குறைந்து வரும் பெல்லாக்ரா நோய் ஊர் ஊராகப் பரவியிருந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய். 1880களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இறைச்சி, பால், முட்டை கொஞ்சம் கிடைத்திருந்தாலே வராத நோய் இது. மாடும் கோழியும் அவர்கள் தொழுவத்தில்தான் நின்றன.

பிளாரன்ஸைச் சுற்றியும் பொலோன்யா பக்கமும் வாரக் குத்தகை முறை இருந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. அது போக, பண்டிகைக்கு நிலக்காரர் வீட்டுக்குக் கோழியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் காயடித்துக் கொழுக்க வைத்த சேவல். பொலோன்யாவில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் அந்தச் சேவலை வேகவைத்த சாற்றில் மிதக்கும் தொர்தெல்லினி. வளர்த்தவர் வீட்டில் களி, வாங்கியவர் வீட்டில் தொர்தெல்லினி. பொங்கலுக்குப் பண்ணையார் வீட்டு வாசலில் பூசணிக்காயோடு நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1964இல்தான் இத்தாலியில் புதிதாக இப்படி வார ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது.

பூரணத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. வடமேற்கில் பியமோந்தே பகுதியில் 'அஞொலொத்தி' என்ற பாஸ்தாவுக்குள் வைப்பது முந்தின நாள் சுட்டு மிஞ்சிய இறைச்சி. மிச்சத்தைப் பொடியாக அரிந்து, கீரை சேர்த்து, மாவுக்குள் மூடிவிட்டால் அது புதுப் பலகாரம். எனக்கு இது பிடித்த விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், அந்த மிச்சம் அதே வீட்டின் மேசைக்குத்தான் திரும்பி வருகிறது.

ரோமாபுரிக்கு வருவோம். தெஸ்தாச்சோ என்ற தொழிலாளர் பகுதியில் 1891 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட பெரிய அடிமாட்டுக்கூடம் 1975 வரை இயங்கியது. அறுத்த மாட்டை நான்கு கால்பாகங்களாகப் பிரித்து விற்றார்கள். இந்த நான்கிலும் சேராத குடல், ஈரல், வால், நாக்கு, தலை ஆகியவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஐந்தாவது கால்'. அங்கே தோலுரித்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டது இந்த ஐந்தாவது கால்தான். அதை வீட்டுப் பெண்களும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும் சமைத்தார்கள். மாட்டுவாலைத் தக்காளியில் மணிக்கணக்கில் வேகவைத்த குழம்புக்கு இன்றும் மாட்டுத் தொழிலாளிகளின் பெயர்தான். பால்குடி மறக்காத கன்றின் குடலைப் பாஸ்தாவோடு சமைப்பதும் அங்கே வந்ததுதான். இன்று அதைச் சாப்பிட வெளிநாட்டுக்காரர்கள் மேசை பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள். அடிமாட்டுக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி நடக்கிறது, கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள்.

நம் ஊர்ப் போட்டிக் குழம்புக்கும் அந்த வால் குழம்புக்கும் சமையல் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கை எடுத்ததுபோக எஞ்சியதை, நேரத்தையும் காரத்தையும் கொண்டு ருசியாக்கியவர்களின் அறிவு அது. பிறகு ஏன் தெஸ்தாச்சோ குடல் நகரத்தின் பெருமை ஆனது, நம் குடலைக் கழுவிய தண்ணீர்கூடத் தெருவில் ஓடக் கூடாது?

அங்கே தோலுரித்தவர் ஏழை. அவர் மகன் வேறு வேலைக்குப் போனால் அவனைத் தொட யாரும் தயங்கவில்லை. வர்க்கம் கொடுமையானது, பெல்லாக்ராவில் செத்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் அவர்கள் தின்ற களி பிறவி அடையாளமாகி, ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்லவில்லை. இங்கே செத்த மாட்டைத் தூக்குவது கூலி வேலைகூட இல்லை, பிறப்பால் விதித்த கடமை. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு அது 'உரிமை' என்ற பெயரில் கிராம மானியத்தோடு சேர்த்துத் தரப்பட்டது. ஊர்க்காரர் மாடு செத்தால் தூக்கிக்கொண்டு போ, கறியை நீ தின்னு, தோலில் எங்களுக்குச் செருப்பும் பறையும் கொடு. எந்தத் துண்டு யாருக்கு என்பதைச் சந்தை முடிவு செய்யவில்லை. சாதி முடிவு செய்தது.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பியின் கேள்வி வருகிறது. 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னது என்ன? செத்த மாட்டின் கறியை விடுங்கள், ஊர்க்காரர் போடும் எச்சில் மிச்சத்தை வாங்கித் தின்பதை விடுங்கள். மாட்டுக்கறி பாவம் என்பது அவர் வாதம் இல்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில் அவர் அடுக்கும் சான்றுகள் நேர் எதிரானவை. வேத காலப் பிராமணர்கள் மாட்டுக்கறி தின்றவர்கள், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் செல்வாக்கை மீட்க அதைக் கைவிட்டார்கள் என்கிறார். ஊருக்கு வெளியே இருந்த சிதறுண்ட மக்கள் செத்த மாட்டைத் தின்றார்கள். அவர்கள் கொல்லவில்லை, அதனால் கொல்லாமை விதியும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்காததால் தொடர்ந்து தின்றார்கள், அதையே காரணமாகக் காட்டித் தீண்டாமை பூட்டப்பட்டது. அந்தக் காலத்தை ஏறக்குறைய கி.பி. 400 என்று அவர் கணிக்கிறார். இந்தக் கணிப்போடு வரலாற்றாசிரியர்கள் மாறுபடலாம், நாமும் விவாதிக்கலாம். ஆனால் அவர் கறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பது தெளிவு.

விடச் சொன்னதும் ஆதிக்கச் சாதிகளுக்கு வந்த பதற்றத்தைப் பாருங்கள். செத்த மாட்டை விட்டால் வருமானம் போய்விடுமே என்று பத்திரிகையில் கணக்குப் போட்டு 'அக்கறை' காட்டினார்கள். 1956 அக்டோபர் 15 நாக்பூர் உரையில் பாபாசாகேப் இதை நினைவுகூர்கிறார். அவ்வளவு லாபம் என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள், மேற்கொண்டு பணம் நான் தருகிறேன் என்ற பாணியில் அவர் கொடுத்த பதிலை வாசிப்பு வட்டத்தில் படித்தபோது எல்லோரும் சிரித்தோம். அறுபது ஆண்டு கழித்து, 2016 ஜூலையில், குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் சுரேந்திரநகரில் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள் தலித்துகள். உங்கள் மாடு, நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். மகாத்தில் கேட்ட அதே குரல்.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. அவர் விடச் சொன்னது ஒதுக்கித் தரப்பட்ட பங்கை. நாம் அன்று சமைத்தது சம்பாதித்த காசில், கடைக்காரரிடம் இந்தத் துண்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. வசதி என்று நீ சொன்னதும் பொய்யில்லை. நம்மில் வேலைக்குப் போனவர்களால்தான் ஒன்றரைக் கிலோ அண்டர்கட் வாங்க முடிகிறது, பலருக்கு இன்னும் போட்டிதான் கட்டுப்படியாகும். அந்தக் கூச்சத்தை மறைக்க வேண்டாம். மராட்டியத்தில் ஷாஹு பட்டோலே மகர், மாங் சமையலறைகளைப் பற்றி 2015இல் எழுதிய நூலுக்கு 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று பெயர் வைத்தார். 'அன்னமே பூரண பிரம்மம்' என்ற பிராமண வாசகத்தைத் திருப்பிப் போட்ட தலைப்பு. எங்கள் அன்னத்தில் நெய்யில்லை, பாலில்லை, பூரணம் எங்கிருந்து வரும் என்கிற கேள்வி அதில் இருக்கிறது. வெண்ணெயில் சுட்ட கறி முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் தலைப்புதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'வீட்டில் சமைப்பது' என்பதே நம்மில் பலருக்குச் சாதாரண விஷயம் இல்லை. இந்த வீட்டுக்கு வருமுன் நான் இருந்த வாடகை வீட்டில் ஜன்னலைச் சாத்தி, வாசலில் ஊதுபத்தி ஏற்றிவைத்துத்தான் கறி வதக்குவேன். ஒரு நாள் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று, "என்ன வாசனை இது, மட்டனா?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. அடுத்த மாதமே, மகன் வருகிறான் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள்.

நான் இழந்தது ஒரு வீடு. 2015 செப்டம்பர் 28 இரவு உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி அருகே பிசாடா கிராமத்தில் முகமது அக்லாக் உயிரையே இழந்தார். வீட்டில் மாட்டுக்கறி வைத்திருக்கிறார் என்ற வதந்தி போதுமானதாக இருந்தது. கும்பல் வீடு புகுந்து அவரை அடித்துக் கொன்றது. அவர் குடும்பத்தின் கறி பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. மகாராஷ்டிரத்தில் அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் காளை, எருதுகளை அறுப்பதையும் தடை செய்தது. வேறு மாநிலத்தில் அறுத்த கறியை வைத்திருப்பதும் குற்றம் என்றது. 2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அறுப்புத் தடையைச் சரி என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கறியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை ரத்து செய்தது. ஒருவர் தன் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்பதில் அரசு நுழைய முடியாது, அது அந்தரங்க உரிமை என்பது அதன் காரணம். தீர்ப்பு நல்லதுதான். ஆனால் வீட்டுக்காரம்மாவுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவருக்குச் சட்டம் தேவைப்படவில்லை, 'மகன் வருகிறான்' போதும்.

இப்போது இருக்கும் வீட்டுக்காரர் முதல் நாளே, "எங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை பெரிய கறிதான்" என்றார். அதனால்தான் அன்று ஜன்னலைத் திறந்து வைத்தே சமைத்தோம். தோசைக்கல் புகை தெரு வரைக்கும் போனது. கேள்வி கேட்ட தம்பி கடைசி ரவியோலியை எடுத்துக்கொண்டே, அடுத்த வாசிப்புக்குத் தன் வீட்டில் போட்டி என்றான். சுத்தம் பண்ண இரண்டு மணி நேரம் ஆகும், சீக்கிரம் வாங்க என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறார்களாம்.