கூரை மடியும் கார்

வானமே கூரையாகக் கார் செலுத்துவது இன்பந்தான். ஆனால், மழை வந்துவிட்டால்?

1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த எம். ஜி. ஏ. என்னும் திறந்த கார் கண்கவர் வளைவுகளை உடையது. கதவின் வெளிப்புறத்திற் கைபிடிகூட இல்லை. ஆயினும், துணிக்கூரையைச் சட்டத்தின்மீது இழுத்துப் பூட்டி, பக்கத் திரைகளையும் பொருத்தி முடிப்பதற்குள் மழை முந்திக்கொள்ளும்.

1970களில் அமெரிக்காவிற் கடும் பாதுகாப்புச் சட்டங்கள் வருமென்ற அச்சம் எழுந்தது. 1976இல் கடிலாக் எல்டொராடோவுடன் அந்நாட்டுத் திறந்த கார்களின் காலம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். 1980இல் இங்கிலாந்தின் எம். ஜி. பி.யும் நின்றது.

அந்த வெறுமையை நிரப்பியது ஜப்பான். 1989 பெப்ரவரியில் சிக்காகோக் கண்காட்சியில் மஸ்டா நிறுவனம் எம். எக்ஸ். 5 என்னும் சிறு காரைக் காட்டியது. உருண்டு திரண்ட உடல். இமை திறப்பதுபோல் மேலெழும் முன்விளக்குகள். யாவற்றினும் மேலாக, இரு கொளுக்கிகளை விடுவித்து, ஆசனத்தில் இருந்தபடியே ஒரு கையாற் பின்தள்ளக்கூடிய துணிக்கூரை! மழை தூறினால் அவ்வாறே இழுத்து மூடலாம்.

2016இல் பத்து இலட்சமாவது எம். எக்ஸ். 5 வெளிவந்தது. நேயர்களே, உருவத்தின் அழகு மக்களை அழைத்தது. கூரையின் எளிமையோ அவர்களைத் தங்க வைத்தது.