கல்யாண சிடியும் 'பாலன்' படமும்

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிக்குது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். ஆனா அதை இன்னைக்கு யாராலும் பார்க்க முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. சில ஸ்டில்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம்.

அதே மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படங்களை நாம கேசட்டில் பார்த்தோம், சிடியில் பார்த்தோம், இப்போ ஃபோனில் பார்க்கிறோம். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருத்தர் பழைய வடிவத்திலிருந்து புது வடிவத்துக்கு மாத்தி வெச்சாங்க. படம் பிழைத்தது அப்படித்தான்.

இந்த விஷயத்தை இப்போ எழுதக் காரணம் சினிமா இல்லை. நம்ம வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே கிடக்கிற கல்யாண சிடிகள். அவற்றில் பெரும்பாலானவை 'பாலன்' நிலையில்தான் இருக்கு: ஒரே ஒரு பிரதி.

எண்பதுகளில் வசதியான வீட்டுக் கல்யாணங்களுக்கு வீடியோ வந்தது. விஎச்எஸ் கேசட், பார்க்கணும்னா டெக் வாடகைக்கு எடுக்கணும். 1993-ல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிடா நிறுவனங்கள் சேர்ந்து வீடியோ சிடிக்கு ஒரு தரம் வகுத்தன. டிவிடி 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டாயிரங்களில் இந்த இரண்டும் நம்ம சின்ன ஊர்கள் வரைக்கும் இறங்கிவிட்டன. 2006-ல் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. வெற்று சிடி தயாரித்துக்கொண்டிருந்த மோசர் பேர் நிறுவனம் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். ராசிபுரம், பரமத்தி, சங்ககிரி என்று எங்கே கல்யாணம் நடந்தாலும் ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு இரண்டு மூன்று சிடியும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாச்சு. அந்த மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. சிடி காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

அந்த சிடிகளில் இருப்பது குடும்ப நினைவு மட்டும் இல்லை. கொங்குக் கல்யாணத்தில் நாட்டுக்கல் வழிபாடு, மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர், நாவிதர் பாடும் மங்கல வாழ்த்து எல்லாம் உண்டு. மங்கல வாழ்த்தின் வரிகள் அச்சில் கிடைக்கும். எந்த ஊரில் எந்த ராகத்தில் இழுத்துப் பாடினார், எந்த இடத்தை விட்டுட்டார், சுத்தி நின்றவர்கள் எப்படிப் பதில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அச்சில் வராது. பாடியவர் காலமாகிவிட்டால் அவர் குரல் இருக்கிற ஒரே இடம் யாரோ ஒருத்தர் வீட்டு சிடியாக இருக்கலாம். வரலாறு எழுதுகிறவனுக்கு அது கல்வெட்டுக்குச் சமம். அந்த வீட்டுக்காரருக்கு அது தாத்தாவின் நடை, பாட்டியின் பேச்சு.

ஆனா கல்வெட்டு மாதிரி அது நிக்காது. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் அதுக்கு ஆகாது. சிடியில் அந்தப் பூச்சு அடிப்பக்கம் இல்லை. பேர் எழுதுகிற மேல்பக்கத்துக்கு உடனே கீழே இருக்கு. அதனால் மேலே விழுகிற கீறல்தான் ஆபத்து. மணமக்கள் போட்டோ ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கவே கூடாது, பூச்சும் கூடவே வந்துடும். டிவிடியில் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. வீடியோ சிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதிக நேரம் படம் கொள்ளணும் என்பதற்காக, சாதாரண டேட்டா சிடியில் இருக்கிற கூடுதல் பிழைதிருத்தத்தை அதில் விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் ஃபைலாக மாற்ற இன்று ஒரு பைசா செலவில்லை. அதுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் எஃப்எஃப்எம்பெக் தொடங்கினார். பாரிஸ் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் எழுதிய விஎல்சி 2001-ல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. எரிக் பெத்தி 2003-ல் ஹேண்ட்பிரேக் எழுதினார். கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பூட்டு இருக்கும். அதை உடைக்கும் நிரல் 1999-ல் நார்வேயிலிருந்து வெளியாகி வழக்கு வரைக்கும் போனது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் இதற்கு ஒரு பிரிவு சேர்ந்தது. ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடிக்கு அந்தப் பூட்டு கிடையாது.

வேலை எளிது. வீடியோ சிடியைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரில் 'டாட்' ஃபைல்கள் இருக்கும். அவை 352×288 அளவுள்ள எம்பெக்-1 வீடியோதான். அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணினால் விஎல்சியிலேயே ஓடும். எம்பி4 ஆக்கி ஃபோனில் பார்க்கலாம், ஆனா மூல ஃபைலையும் வைத்திருங்க. பெரிதாக்கினால் தெளிவு கூடாது. டிவிடியில் படம் பல 'வாப்' ஃபைல்களாகத் துண்டுபட்டிருக்கும். ஹேண்ட்பிரேக்கில் முழு டிஸ்க்கையும் காட்டினால் அதுவே கோர்த்து எம்பி4 ஆக்கிடும். கை அசையும்போது சீப்பு மாதிரி கோடு தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். தரம் குறையாம வேணும்னா மேக்எம்கேவி. கீறல் விழுந்த டிவிடிக்கு டிடிரெஸ்க்யூ: நல்லா இருக்கிற பகுதிகளை முதலில் எடுத்துட்டு, கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும், அதனால உடனே தூக்கி எறிய வேண்டாம். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காம, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைங்க.

மாற்றியதும் ஃபைலுக்குப் பேர் வைங்க: யார் கல்யாணம், எந்த ஊர், எந்த மண்டபம், என்ன தேதி, மங்கல வாழ்த்து பாடியவர் யார். அப்புறம் குறைந்தது இரண்டு வீட்டில் பிரதி இருக்கணும். பாடியவரின் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில் இருந்தால் மூணாவது பிரதியை அவர்களுக்குக் கொடுங்க. பெரும்பாலும் அவர்கள் கையில் ஒன்றுமே இருக்காது. புது லேப்டாப்களில் சிடி டிரைவ் வருவதில்லை. தெருவில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர் அதை காயலான் கடைக்குப் போடுறதுக்குள்ள இந்த வேலையை முடிச்சிடுங்க.