சிக்கனப் பந்தயம்: ஆற்றல் மீட்பில் பெங்களூரின் இடம்

பந்தயத் தடத்தில் பிறக்கும் தொழில்நுட்பம் சில ஆண்டுகள் கழித்துத் தெருவுக்கு வரும் என்பது மோட்டார் துறையில் ஊறிப்போன கருத்து. பெங்களூரு மின்கார்களின் வரலாறு இதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. அங்கே பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்கும் முறை நகர நெரிசலில் ஓடிய சிறிய காரில் முதலில் வந்தது; மின்கார்களுக்கான ஃபார்முலா இ பந்தயம் பின்னரே வந்தது. தடமும் தெருவும் ஒன்றுக்கொன்று தந்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வெப்பமும் வேகமும்

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் கணிசமான பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பிடித்து வேலை வாங்குவதே டர்போ சார்ஜர். வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்டில் பொருத்திய அமுக்கி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரெனோ 1977இல் சில்வர்ஸ்டோனில் இதை இறக்கியது. 1979இல் டிஜோனில் முதல் வெற்றி கண்டது. 1989 முதல் டர்போ தடைசெய்யப்பட்டது.

பிரேக் ஆற்றலை மீட்கும் கெர்ஸ் அமைப்பு 2009இல் வந்தது. 2014இல் 1.6 லிட்டர் வி6 எஞ்சினோடு டர்போ திரும்பியது. பிரேக்கிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு மோட்டார், டர்போவின் தண்டிலிருந்து எடுக்க இன்னொன்று என்று இரு மீட்புகளும் ஒரே காரில் சேர்ந்தன. இந்திய கிராண்ட் பிரீ 2011 முதல் 2013 வரை மட்டுமே நடந்ததால், இந்தக் கலப்பின டர்போ கார்களின் பந்தயத்தை இந்தியத் தடம் காணவில்லை. 2026 விதிகள் டர்போத் தண்டு மோட்டாரை நீக்கி, பிரேக் மீட்பின் திறனை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்த்தின.

2. ரேவாவின் வருகை

பெங்களூரைச் சேர்ந்த சேத்தன் மைனி மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ‘சன்ரன்னர்’ என்ற சூரிய ஆற்றல் காரை உருவாக்கிய அணியில் இருந்தார். அந்தக் கார் 1990இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சூரியக் கார் பந்தயத்தில் ஓடியது. கிடைக்கும் வெயிலுக்குள் கணக்குப் பார்த்து ஓடுவதே அப்பந்தயத்தின் சோதனை. 1994இல் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் சேர்ந்து ரேவா நிறுவனத்தைத் தொடங்கின. 2001இல் விற்பனைக்கு வந்த அந்த மின்கார், லண்டனில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ஓடியது. வேகம் குறையும்போது அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பியது.

இதில் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? ஓட்டுநரோடு 750 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டரில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 37.5 கிலோஜூல், அதாவது சுமார் 10 வாட்-மணி. இழப்புகள் போக அதில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குத் திரும்பும். போதாததற்கு, ரேவாவில் முதலில் இருந்த ஈய-அமில பேட்டரி திடீரென வரும் பெரிய மின்னோட்டத்தை எளிதில் ஏற்காது. ஆனாலும் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்தில் இந்தச் சில்லறையும் சேரும். 2009இல் லித்தியம் அயனி பேட்டரியுடன் ரேவா வந்தபோது மீட்புக்கு வாய்ப்பு விரிந்தது.

3. பந்தயத்தில் மகிந்திரா

2010இல் ரேவாவின் பெரும்பான்மைப் பங்கை மகிந்திரா நிறுவனம் வாங்கியது. ரேவாவின் வழியில் 2013இல் இ2ஓ மின்கார் வெளிவந்தது. 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கிய ஃபார்முலா இ பந்தயத்தில் மகிந்திரா முதல் பருவத்திலேயே இறங்கியது. சென்னையின் கருண் சந்தோக் ஓட்டுநர்களில் ஒருவர். 900 கிலோ எடையுள்ள பந்தயக் கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 1,125 கிலோஜூல். மேலே கண்ட சிறிய காரைப் போல் 30 மடங்கு. தொடக்கப் பருவங்களில் பேட்டரி பாதிப் பந்தயத்துக்கே போதும் என்பதால், ஓட்டுநர்கள் நடுவே இறங்கி வேறு காருக்கு மாறினர். திருப்பத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஆற்றலைச் சேமிப்பது ஓட்டுநரின் திறமையாயிற்று. 2023இன் மூன்றாம் தலைமுறைக் கார் 600 கிலோவாட் வரை மீட்கக்கூடியது; அதே ஆண்டு பிப்ரவரியில் அது ஹைதராபாத் தெருக்களில் ஓடியது.

4. முடிவு

பந்தய அணியின் பட்டறை ஐரோப்பாவில் இருந்ததால், பெங்களூருக் காரின் பாகங்கள் அப்படியே தடத்துக்கு ஏறின என்று கொள்ள இடமில்லை. ரேவாவின் வேரிலும் ஒரு பந்தயம் இருப்பதால், தெருவே தடத்துக்கு ஆசான் என்பதும் மிகை. சூரியக் கார், ரேவா, ஃபார்முலா இ மூன்றுக்கும் பொதுவானது கையிருப்பு ஆற்றலுக்குள் ஓடியாக வேண்டிய கட்டாயமே. அந்தக் கட்டாயம் இருந்த இடத்தில், தடமானாலும் தெருவானாலும், மீட்பு நுட்பம் வேர்விட்டது. ஆகவே இத்துறையின் வரலாற்றை வேகப் பட்டியலைக் கொண்டு எழுதினால் பெங்களூரு விடுபட்டுப்போகும். சிக்கனத்தை அளவுகோலாக்கினால் அதற்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு.