விக்டோரியா பொது மண்டபம், சென்னை

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அருகே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள வரலாற்றுக் கட்டடம். ‘டவுன் ஹால்’ என்றும் அழைக்கப்பட்டது. நகர மக்கள் கூடுவதற்கென ஒரு பொது அரங்கம் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது. இதற்கு 1883-இல் விஜயநகரம் மன்னர் அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி இப்பெயர் பெற்றது.

இந்தோ-சாரசனிக் பாணியில் எழுந்த செங்கல் கட்டடம் இது. முகப்பில் வளைவுகள் வரிசையாக அமைய, சதுரக் கோபுரத்தின் சரிந்த கூரை கேரளக் கட்டடங்களை நினைவூட்டும். கீழும் மேலுமாக இரண்டு அரங்குகள். மேல் அரங்கில் மரத்தாலான மாடம் உண்டு.

தமிழ் நாடக வரலாற்றில் இதன் இடம் தனித்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே மேடையேறின. வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அரிதாரம் பூசி நடித்ததால் நாடகக்கலைக்குச் சமூக மதிப்பு கூடியது. விவேகானந்தர் 1897-இல் இங்கு உரையாற்றினார். சென்னையின் தொடக்ககாலச் சலனப்படக் காட்சிகளும் இங்கே நடந்தன. தமிழ் நாடகமும் சினிமாவும் தவழ்ந்த இந்த முற்றம் பேணிக் காக்கவேண்டிய பொதுச்சொத்து.