கதவைச் சாத்திப் பேச வேண்டியது

சென்னையில் யாராவது உளறினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். 1794-இல் வாலன்டைன் கானலி தொடங்கிய மனநோய் விடுதியின் வழிவந்த ஆஸ்பத்திரி 1871-இல் அங்கே குடியேறியதால் வந்த பேச்சு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் அந்தக் காலத்து விடுதிகளின் பாலியல் கல்வி. பிரித்தாயிற்று, இனிப் பேச என்ன இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், மனநல மருத்துவத்தின் முதல் பெரிய வெற்றியே பாலியல் நோயில் கிடைத்ததுதான். பிதற்றலில் தொடங்கி வாதத்திலும் சாவிலும் முடிந்த ஒருவகைப் பைத்தியத்துக்கு சிபிலிஸ் கிருமியே காரணம் என்பதை நொகுச்சியும் மூரும் 1913-இல் மூளைத் திசுவில் கண்டார்கள். மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் நோயை அடக்கிய வாக்னர்-யௌரெக்குக்கு 1927-இல் நோபல். பிறகு பெனிசிலின் வந்தது.

நான் நர்ஸாக இருந்த மனநல வார்டில் அட்மிஷன் ஆனதும், சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். டெஸ்டுக்கு ரத்தம் எடுப்போம். எதற்கு என்று கேட்டால், "டாக்டர் எழுதியிருக்கார், கையை நீட்டுங்க" என்பதே பதில்.

வார்டு சொல்லாததை லாட்ஜ் வைத்தியர்கள் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம். சொப்பனத்தில் விந்து போனதால்தான் புத்தி கெட்டது என்று நம்பி, மாத்திரையை விட்டு லேகியத்துக்கு மாறிய பையன்கள் பலர். மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' என்ற பாலியல் நிகழ்ச்சியை நடத்தியபோது இந்தப் பேச்சு வீட்டுக் கூடத்துக்கே வந்தது. முகம் சுளித்தவர்களும் விடாமல் பார்த்தார்கள்.

பெண்கள் கதை வேறு. மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு மாதவிலக்கு நின்றுபோகும், மார்பில் பால்கூடக் கசியும். "சிஸ்டர், நான் முழுகாம இருக்கேனா?" என்று காதோடு கேட்பார்கள். விலக்கு நின்றதால் இனிப் பிள்ளை தங்காது என்று நினைப்பது அதைவிட ஆபத்து. வால்புரோயேட் என்ற இன்னொரு மாத்திரை சாப்பிடுகிறவளுக்குக் கரு தங்கினால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று டிஸ்சார்ஜ் கேட்டு நிற்கும் அம்மாவிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது?

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை அறுவை செய்யக் கூடாது என்கிறது. மாதவிலக்குக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்க வேண்டும் என்கிறது. மருந்தின் பக்கவிளைவை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. தாம்பத்தியத்தில் வரும் கோளாறும் பக்கவிளைவுதானே? ரவுண்ட்ஸ் முடிந்ததும் உட்கார்ந்து சொல்லுங்கள் என்பேன் இளைய சிஸ்டர்களிடம். மாமியார் டீ குடிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.