ரெபேக்கா பூனும் அவர் வீடும்

டேனியல் பூன் என்றதும் துப்பாக்கியோடு தன்னந்தனியே காடு புகுந்த வேட்டைக்காரர்தான் அமெரிக்கர் நினைவுக்கு வருவார். அவரைத் தனி மனிதராகக் கண்டவர்கள் ஒரு குடும்பத்தையே காணத் தவறினார்கள் என்பது என் துணிபு.

தந்தை ஸ்குவையர் பூன் நெசவும் கொல்வேலையும் அறிந்தவர்; குவேக்கர் என்னும் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1713இல் பென்சில்வேனியாவுக்கு வந்தவர். பதினொரு பிள்ளைகளில் ஆறாவதாக 1734இல் டேனியல் பிறந்தார். மூத்த மகள் சபைக்கு வெளியே மணம் முடித்தபோது சபையாரிடம் வருத்தம் தெரிவித்த ஸ்குவையர், 1747இல் மகன் இஸ்ரேலும் அப்படியே மணக்க, மகன் பக்கம் நின்றார். சபை அவரை விலக்கியது. 1750இல் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பக்கம் கிளம்பினார். குடியேற்றத்துக்கு மண்ணாசை ஒன்றையே காரணம் காட்டுவோர் இந்த மனத்தாங்கலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1756இல் டேனியலுக்கு வாழ்க்கைப்பட்ட ரெபேக்கா பிரையன் பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். 1769இல் கென்டக்கிக்கு வேட்டைக்குப் போன கணவர் திரும்பியது 1771இல். அதுவரை வயலும் வீடும் ரெபேக்காவின் பொறுப்பு. 1773இல் குடும்பமே கென்டக்கி நோக்கி நகர்ந்தது. அது ஷாவனி, செரோக்கி மக்களின் வேட்டை நிலம்; அதை விட்டுக்கொடுக்க அவர்கள் ஒருப்படவில்லை. அக்டோபர் 10ஆம் நாள் விடியலில், பின்னால் வந்த சிறு குழுவைத் தாக்கியவர்கள் பதினாறு வயது மூத்த மகன் ஜேம்ஸைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வெறும் மண்ணில் பிள்ளை கிடக்கக் கூடாதென்று ரெபேக்கா தம் லினன் விரிப்புகளை எடுத்துக் கொடுத்தனுப்பினார். எல்லைப்புற வரலாற்றில் எந்தப் போரை விடவும் அந்த விரிப்புகளே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

1778இல் ஷாவனியர் டேனியலைச் சிறைபிடித்தார்கள். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகவே ஏற்றுக்கொண்டார். கணவர் இறந்தாரென்று நம்பிய ரெபேக்கா பிள்ளைகளுடன் கரோலினா திரும்பினார்; மணமான மகள் ஜெமைமா மட்டும் அவர்கள் குடியிருந்த கென்டக்கிக் கோட்டையில் தங்கினாள். தந்தை தப்பி வந்தபோது அங்கே வரவேற்க அவள் இருந்தாள். 1782இல் புளூ லிக்ஸ் போரில், தந்தையின் அருகிலேயே, பெரியப்பன் பெயர் தாங்கிய மகன் இஸ்ரேல் மடிந்தான்.

இவ்வளவு கொடுத்துப் பெற்ற கென்டக்கி நிலங்களும் பட்டா வழக்குகளில் கைநழுவின. 1799இல் குடும்பம் ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிசௌரிக்குப் போயிற்று. ரெபேக்கா 1813இலும் டேனியல் 1820இலும் அங்கேயே மறைந்தார்கள். 1851இல் லைமன் டிரேப்பர் என்னும் ஆய்வாளர் கடைசி மகன் நேதனிடமும் மருமகள் ஆலிவிடமும் கேட்டெழுதிய குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. பூன் வீட்டைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.