ஒரே 128 கேபி, இரண்டு கணினிகள்

போன மாதம் மாமா வீடு மாற்றியபோது பரணிலிருந்து ஒரு ஷூ பெட்டி இறங்கியது. உள்ளே எதற்கு என்றே தெரியாத சார்ஜர்கள், இரண்டு ஃபிளாப்பிகள், அவற்றுக்கு அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கருவி. கால்குலேட்டர் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். "டேய், அது பாம் த்ரீ. 98-ல் வந்த மாடல். கீழே போட்டுடாதே" என்று மாமா அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். கையடக்கக் கணினி என்றால் 2007-ல் ஐபோனோடுதான் பிறந்தது என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் கேட்டால் உங்களில் பாதிப் பேரும் அதையேதான் சொல்வீர்கள்.

அன்று இரவே உட்கார்ந்து தேடினேன். பழைய கணினிகளின் விவரப் பட்டியலைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் (தேர்வு நேரத்தில் இன்னும் சுவையாக இருக்கும்). அப்படித் தேடியபோது ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாம் வரிசையில் முதலில் வந்தது பைலட் 1000. 1996 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்தது. நினைவகம் 128 கேபி. மோட்டோரோலாவின் 68000 குடும்பத்தைச் சேர்ந்த டிராகன்பால் செயலி, வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். இனி 1984 ஜனவரிக்குப் போவோம். ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ். அதன் நினைவகமும் 128 கேபி. செயலி அதே குடும்பத்தின் மூத்த அண்ணன் மோட்டோரோலா 68000, வேகம் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். மெக்கின்டாஷ் ஏழு கிலோவுக்கு மேல், 2495 டாலர். பைலட் சுமார் 160 கிராம், 299 டாலர். மேசையில் இருந்த கணினி பன்னிரண்டே ஆண்டுகளில் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

அந்த 128 கேபி மெக்கின்டாஷுக்குப் போதவே இல்லை. வாங்கியவர்கள் முதல் வாரமே புலம்ப ஆரம்பித்தார்கள். நிரலை 400 கேபி ஃபிளாப்பியிலிருந்து நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும், ஆவணமும் அங்கேயே இருக்க வேண்டும், இயங்குதளத்துக்கும் இடம் வேண்டும். 512-க்கு 342 புள்ளிகள் கொண்ட திரையின் படத்தை வைத்துக்கொள்ளவே கிட்டத்தட்ட 22 கேபி போய்விடும் (ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்). ஒரு ஃபிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகிக் கை வலித்ததுதான் மிச்சம். அதே ஆண்டு செப்டம்பரில் 512 கேபி உள்ள மெக்கின்டாஷை ஆப்பிள் இறக்க வேண்டியதாயிற்று.

அதே 128 கேபி பைலட்டுக்கு மட்டும் எப்படிப் போதுமானதாக இருந்தது?

பைலட்டில் ஃபிளாப்பியும் இல்லை, வன்தட்டும் இல்லை. இயங்குதளமும், நாட்காட்டி, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு என்ற நான்கு முக்கிய நிரல்களும் தனியாக ஒரு 512 கேபி ரோமில் இருந்தன. அவை அங்கிருந்தபடியே இயங்கின. நினைவகத்துக்குள் நகலெடுக்கும் வேலையே கிடையாது. திரை 160-க்கு 160 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. கணக்குப் போட்டால் 3200 பைட்டுகள்தான். இயக்கத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கியது போக மீதி இடம் முழுவதும் உங்கள் தகவலுக்கே. ஒருவரின் பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் சேர்த்து நூறு பைட்டு என்று வைத்துக்கொண்டால், ஐந்நூறு பேருக்கு 50 கேபி போதும். ஐந்நூறு பேரைத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் நம்மில் எத்தனை பேர்?

ஆக, 128 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் எதையெல்லாம் போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடிவு செய்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். 1992-ல் பாம் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருடைய முதல் முயற்சி தோல்வி. 1993-ல் டேண்டி, கேசியோ நிறுவனங்களோடு சேர்ந்து கொண்டுவந்த ஜூமர் என்ற கருவி பெரிதாக, மெதுவாக இருந்தது, விலையும் அதிகம். விற்கவில்லை. வாங்கிய கொஞ்சம் பேரிடம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே மேசைக் கணினி இருந்தது தெரிந்தது. அவர்கள் கேட்டது இன்னொரு கணினியை அல்ல. காகித டைரி செய்யும் வேலையைச் செய்யும் ஒன்றைத்தான். அதில் எழுதுவது மேசைக் கணினிக்கும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பிறகு ஹாக்கின்ஸ் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பைக்கு ஏற்ற அளவில் அறுத்து எடுத்துக்கொண்டார். சாப்பிடும் குச்சி ஒன்றை வெட்டி அதை எழுதுகோலாக்கினார். கூட்டத்தில் யாராவது "அடுத்த வாரம் சந்திக்கலாமா?" என்று கேட்டால், பையிலிருந்து கட்டையை எடுத்து அதில் குச்சியால் தட்டி நாட்காட்டி பார்ப்பது போல நடிப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் எதற்கு ஒரு பொத்தான் தேவை, எதற்குத் தேவையில்லை என்று அந்தக் கட்டைதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அது இப்போது அமெரிக்காவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பெட்டி செய்யாமல், பெட்டியின் அளவை முடிவு செய்துவிட்டு அதற்குள் அடங்கும் செயலியைத் தேடியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நின்றது ஆப்பிளின் நியூட்டன் மெசேஜ்பேட், 1993 ஆகஸ்டில் வந்தது. விவரப் பட்டியலை வைத்துப் பார்த்தால் பைலட்டை அது தூக்கிச் சாப்பிட வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் 610 செயலி, 640 கேபி நினைவகம், 4 எம்பி ரோம், 336-க்கு 240 புள்ளித் திரை, அட்டை சொருக ஒரு துளை, அகச்சிவப்புக் கதிர் வசதி. விலை 699 டாலர். எடை சுமார் 400 கிராம். எந்தச் சட்டைப் பையும் தாங்காது.

நியூட்டனின் பெரிய வாக்குறுதி: நீங்கள் வழக்கம்போல எழுதுங்கள், உங்கள் கையெழுத்தை நான் கற்றுக்கொள்கிறேன். கேட்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! ஆனால் என் கையெழுத்தை எங்கள் தமிழாசிரியராலேயே படிக்க முடிந்ததில்லை, 20 மெகாஹெர்ட்ஸ் என்ன செய்யும்? ஒன்றை எழுதினால் வேறொன்றாகப் படித்தது. வெளிவந்த அதே மாதம் டூன்ஸ்பரி என்ற புகழ்பெற்ற செய்தித்தாள் கார்ட்டூனில் அதைக் கிண்டலடித்தார்கள். பின்னால் 1996-ல் வந்த இரண்டாம் பதிப்பு இயங்குதளத்தில் கையெழுத்தறிதல் உண்மையிலேயே நன்றாகிவிட்டது. ஆனால் போன பெயர் போனதுதான். 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனை நிறுத்திவிட்டது.

ஹாக்கின்ஸ் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இயந்திரம் மனிதனின் எழுத்தைக் கற்பதற்குப் பதில், மனிதன் இயந்திரத்துக்காகக் கொஞ்சம் மாற்றி எழுதினால் என்ன? அதுதான் கிராஃபிட்டி. ஆங்கில எழுத்து ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே கோடு, கையை எடுக்கக் கூடாது. 'ஏ' எழுத நடுக்கோடு வேண்டாம், கூரை போல ஒரு இழுப்பு. 'டி' என்றால் வலப்பக்கம் இழுத்துக் கீழே இறக்க வேண்டும். இடைவெளிக்கு இடமிருந்து வலம் ஒரு கோடு, அழிக்க வலமிருந்து இடம். வேடிக்கை என்னவென்றால், இந்த கிராஃபிட்டி பைலட்டுக்கு முன்பே, 1994-ல், நியூட்டனில் போட்டுக்கொள்ளும் மென்பொருளாகத்தான் விற்பனைக்கு வந்தது. (ஒற்றைக் கோட்டு எழுத்து எங்களுடைய கண்டுபிடிப்பு என்று ஜெராக்ஸ் 1997-ல் வழக்குப் போட்டது தனிக் கதை. பல ஆண்டுகள் இழுத்தது.)

இதைப் படித்தபோது நம் ஓலைச்சுவடிகள்தான் நினைவுக்கு வந்தன. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதிவிட்டுப் போனார்கள். எழுதப்படும் பொருளுக்காக எழுத்தை வளைப்பது நமக்குப் புதிதல்ல. (பாம் என்பது இங்கே உள்ளங்கை, பனை அல்ல. ஆனாலும் எழுத்தாணி இரண்டுக்கும் பொது!)

இப்படி எளிதாக்கியதால் பேட்டரிக்கும் லாபம். இரண்டு ஏஏஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். பொத்தானை அழுத்திய நொடியில் திரை வந்துவிடும். 1996-ல் நல்ல மேசைக் கணினி என்றால் 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 16 எம்பி நினைவகம், விண்டோஸ் 95. பைலட்டைப் போல 128 மடங்கு நினைவகம். அது விழித்தெழுவதற்குள் நாம் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

அந்த மேசைக் கணினியோடு பைலட்டுக்கு இருந்த உறவைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கருவியோடு ஒரு தாங்கி கொடுத்தார்கள். தாங்கியின் வயர் கணினியின் சீரியல் போர்ட்டில். கருவியை அதில் நிறுத்தி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கத் தகவலும் ஒன்றாகிவிடும். ஹாட்சிங்க் என்று பெயர். ஒவ்வொரு குறிப்புக்கும் 'இது மாறியிருக்கிறது' என்று ஓர் அடையாள பிட் உண்டு. மாறியவை மட்டும் போகும், வரும். மெதுவான அந்த வயரிலும் வேலை சட்டென்று முடிந்ததற்கு இதுதான் காரணம். பைலட் தன்னை ஒரு முழுக் கணினி என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. மேசைக் கணினியின் ஒரு கிள்ளல், அவ்வளவுதான். முதல் பதினெட்டு மாதங்களில் பத்து லட்சம் விற்றது.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைலட் பேனா நிறுவனத்தோடு பெயர்ச் சண்டை வந்ததால் 1998-ல் 'பைலட்' போய் 'பாம்' மட்டும் நின்றது. அந்த ஆண்டுதான் ஹாக்கின்ஸ் வெளியேறி ஹேண்ட்ஸ்பிரிங் தொடங்கினார். 2000 மார்ச்சில் பாம் பங்குச் சந்தைக்கு வந்த அன்று, அதன் மதிப்பு தாய் நிறுவனமான த்ரீகாமின் மதிப்பையே தாண்டியது. பத்தே ஆண்டில், 2010-ல், எச்பி அதை வாங்கியது. அடுத்த ஆண்டே கருவிகள் செய்வதை நிறுத்தியது. நியூட்டனில் தோற்றுப்போன ஆர்ம் வகைச் செயலியோ இன்று நம் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

சரி, மாமாவின் ஷூ பெட்டிக்கு வருகிறேன். பேட்டரி அறை சுத்தமாக இருந்தது, மாமா புத்திசாலித்தனமாகக் கழற்றி வைத்திருக்கிறார். ஆனால் அதில்தான் வினையே. இந்தக் கருவிகளின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் எதையும் வைத்திருக்கும். பேட்டரி மாற்ற நமக்குச் சுமார் ஒரு நிமிடம் அவகாசம். மாமா எடுத்துக்கொண்ட அவகாசம் இருபது வருடம். புது பேட்டரி போட்டதும் திரை வந்தது, குறியின் நடுவில் தொடு என்றது, தொட்டோம். முகவரிப் பக்கம் காலி. குறிப்புப் பக்கத்தில் இரண்டு வருடம் எழுதி வைத்தாராம், தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்ன ஊர்க்கதைகள் உட்பட. "கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குமே மாமா?" என்றேன். அந்தக் கம்ப்யூட்டரை 2006-லேயே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்களாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குச்சியை எடுத்து, கீழே எழுதும் கட்டத்தில் தாத்தா பெயரை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். 'ஏ' வந்த இடத்தில் நடுக்கோடு போடவில்லை.